ஜிப்சி கார்ப்பரேட்டர்: மாற்றுவதா, பிரித்துப் பூட்டுவதா?

கோத்தகிரி, 1992 ஜிப்சி

என்னுடையது 970 சி.சி. எஞ்சின் கொண்ட எம்.ஜி.410 ரக மாருதி ஜிப்சி. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர்தான் என் தலைவலி. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறும்போது பாதி மலையிலேயே வண்டிக்குள் பெட்ரோல் வாடை வரும். வளைவுகளில் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் தடுமாறும். பிளக்கைக் கழற்றினால் கரி பூசியது போல இருக்கும். கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையோ மாறுவதில்லை, ஆகவே கலவையில் பெட்ரோல் மிகுவது இயல்புதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி ஒரு மழைக்காலத்தைக் கடத்தினேன்.

பழையதைப் பிரித்தால் சரிவராது என்று ஒரு மெக்கானிக் சொன்னதை நம்பி, தயாரிப்பாளர் பெயரே பொறிக்காத புதிய கார்ப்பரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரு வாரத்தில் அதே வாடை திரும்பியது. போதாக்குறைக்கு, மிதித்ததும் ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும் தயக்கமும் சேர்ந்துகொண்டது.

அதன் பிறகுதான் அலமாரியில் கிடந்த ஒரிஜினலை நானே பிரித்தேன். பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெள்ளை மாவு போன்ற படிவு இருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு நீண்ட நாள் தேங்கி நின்றால் கிண்ணத்தின் உலோகம் இப்படித்தான் அரிக்கும். மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலேட்டர் பம்பின் டயஃப்ரமை (மெல்லிய சவ்வை) வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்தபோது மட்டும் ஒரு மயிரிழை வெடிப்பு தெரிந்தது. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் ஊசி வால்வின் கூம்பு முனையில், நகத்தால் வருடினால் தட்டுப்படும்படி ஒரு வளையத் தழும்பு. உதிரிபாகக் கிட்டில் வந்த டயஃப்ரம், ஊசி, கேஸ்கெட்டுகள் அனைத்தையும் மாற்றி, ஜெட்டுகளில் கம்பி விடாமல் கிளீனரும் காற்றும் மட்டும் செலுத்திப் பூட்டினேன்.

அப்போதும் வழிந்தது! கிண்ணத்தின் முகப்பில் உள்ள சிறு கண்ணாடியில் பெட்ரோல் மட்டம் நடுக்குறியைத் தாண்டி நின்றது. இரண்டு கார்ப்பரேட்டரிலும் ஒரே நோய் என்றால் நோய் வேறெங்கோ இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. டேங்கிலிருந்து எரிபொருள் பம்ப் தள்ளும் பெட்ரோலில் மிஞ்சுவது டேங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் டியூப் உண்டு. அது அடைத்தால் அழுத்தம் கூடி ஊசியையே தள்ளித் திறந்துவிடும். பம்பின் முனையில் அந்த டியூபைக் கழற்றி வாயால் ஊதினேன், காற்றே போகவில்லை. டேங்குக்கு அருகே ரப்பர் உள்ளுக்குள் ஊதிப்போய், போதாததற்கு மடங்கியும் இருந்தது. ஒரு முழ டியூபை மாற்றியதும் மட்டம் குறியில் வந்து நின்றது. புதிய கார்ப்பரேட்டருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

ஏற்காடு, பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப்

எனக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. சோலெக்ஸ் கார்ப்பரேட்டருக்கு இரண்டு முறை கிட் போட்டும் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஓட்டம், நிலைக்கவில்லை. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டின் அச்சான த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது ஆட்டம் கையிலேயே தெரிந்தது. அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்துகொண்டிருந்தது. எந்தக் கிட்டிலும் இதற்கு மருந்து கிடையாது. சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் (உள்வளையம்) அடித்துத் தந்த பிறகே வண்டி அமைதியானது. இன்னொன்று, யாரோ இரும்புக் கம்பியால் குத்தியதில் மெயின் ஜெட்டின் துளையும் அகன்றிருந்தது. சோலெக்ஸ் ஜெட்டில் 110 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.10 மில்லிமீட்டர், நூறில் சில பங்கு அகன்றாலே பெட்ரோல் செலவில் தெரிந்துவிடும். பித்தளையில் இரும்பை விடுகிறவர்களை என்ன சொல்வது!

கோத்தகிரி, 1992 ஜிப்சி

தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று என்னிடம் உள்ள இரண்டையும் எடுத்து ஸ்பிண்டிலை அசைத்துப் பார்த்தேன். முப்பது ஆண்டைத் தாண்டிய ஒரிஜினலில் ஆட்டமே இல்லை; சில வாரங்கள் மட்டுமே ஓடிய புதியதில் இருக்கிறது.