மறு: மின்வழங்கியின் ‘லாட்ச்’ நிலைக்குக் ‘காப்புத்தாழ்’

அனைவருக்கும் வணக்கம். மின்வழங்கியின் ‘லாட்ச்’ நிலைக்குத் தமிழில் ‘காப்புத்தாழ்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். அதுபற்றி எழுந்த கேள்விகளுக்கு இது என் பதில்.

> ‘மின்துண்டிப்பு’ என்ற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, அந்தச் சொல் மின்வாரியத்துக்கு உரியதாகிவிட்டது. கட்டணம் கட்டாத வீட்டில் நடப்பது மின்துண்டிப்பு. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. கணினியின் மின்வழங்கி, அதாவது கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டு வாங்கும் அந்தப் பெட்டி, அளவுக்கு மீறிய மின்னோட்டத்தையோ குறுக்குச்சுற்றையோ (ஷார்ட் சர்க்யூட்) கண்டதும் தன் வெளியீட்டைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நாம் வந்து விடுவிக்கும்வரை மறுபடி இயங்குவதில்லை. வெளியிலிருந்து எவரும் எதையும் துண்டிக்கவில்லை.

இதற்குப் பெயர் இல்லாததால் மக்களின் பணம் வீணாகிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். புதிய கிராபிக்ஸ் அட்டையைப் பொருத்துகிறார்கள். கணினி எழுகிறது, திரை வருகிறது, அன்றாட வேலைகள் நடக்கின்றன. விளையாட்டைத் திறந்த சற்று நேரத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத்திரையும் இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் விசிறி அசைவதில்லை. உடனே, ‘எஸ்.எம்.பி.எஸ். செத்துவிட்டது’ என்றோ ‘அட்டை தாய்ப்பலகையை (மதர்போர்டை) எரித்துவிட்டது’ என்றோ தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது சாத்தியத்துக்குச் சொல் இல்லை. ஆகவே அது யார் நினைவுக்கும் வருவதில்லை.

அந்த மூன்றாவது சாத்தியத்தைக் கண்டறிவது எளிது. தாய்ப்பலகையில் செருகியிருக்கும் 24 முனை இணைப்பியில், கம்பிகள் நிறம் பிரித்து வரும் பெட்டிகளில், ஊதா நிறக் கம்பி ஒன்று இருக்கும். கணினி அணைந்திருந்தாலும், சுவரில் மின்சாரம் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியிலும், மற்றதை இணைப்பியின் பின்புறமாக ஊதாக் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையில் காட்டினால் பெட்டி முழுதாகச் சாகவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் சுவர்ச் சுவிட்சு, மின்கம்பி, பின்பக்கச் சுவிட்சு ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு பழுது என்று முடிவு செய்யலாம்.

ஊதாவில் 5 வோல்ட் இருந்தும் கணினி எழவில்லையா? சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கி, அரை நிமிடம் பொறுத்து மறுபடி செருகுங்கள். இப்போது எழுந்துவிட்டால், பெட்டி தாழிட்டுக்கொண்டிருந்தது என்று பொருள். நான் பரிந்துரைப்பது இந்த வினையைத்தான். ‘மின்வழங்கி தாழிட்டுக்கொண்டது’, ‘தாழ் நீங்கியது’, ‘தாழ் நீக்கிப் பார்த்தீர்களா?’ என்றெல்லாம் பழுதுபார்ப்பவர் வாயில் தடையின்றி வரும். பெயர்ச்சொல் ‘காப்புத்தாழ்’. உள்ளே இருப்பவர் ஆபத்துக்கு அஞ்சிக் கதவைத் தாழிடுவது போன்றதுதான் இது. கதவுக்கு எந்தச் சேதமும் இல்லை.

> ‘பாதுகாப்பு முடக்கம்’ போதாதா?

முடக்கம் என்றால் வங்கிக் கணக்கு நினைவுக்கு வருகிறது. செயலிழந்து கிடப்பதும் நினைவுக்கு வருகிறது. நாம் விலக்க விரும்பும் பொருளே அதுதான். ‘உருகி’யை (ஃபியூஸ்) ஒட்டிச் சொல் அமைக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உருகி மிக அழகான சொல். ஆனால் உருகினால் போனதுதான், வேறு மாற்ற வேண்டும். தாழை நீக்கிவிடலாம்.

> தாழ் என்றால் குறைவு என்றும் பொருள்படும். குழப்பம் வராதா?

யாழ்ப்பாண நண்பரின் இந்த ஐயம் நியாயமானது. ஆனால் தாழ் முன்னால் வந்தால்தான் அந்தப் பொருள்; தாழழுத்தம் போல. பின்னால் நின்றால் தாழ்ப்பாள்தான். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்பதில் யாரும் குறைவு என்று பொருள் கொள்வதில்லையே.

இனி, தாழ் ஏன் விழுந்தது? இதையும் சொல்லுக்கான விளக்கத்தில் சேர்க்க வேண்டும். கிராபிக்ஸ் அட்டைக்குத் தாய்ப்பலகையின் செருகுவாய் 75 வாட் வரை தரும், 6 முனை இணைப்பி 75, 8 முனை இணைப்பி 150. இவற்றை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு, 450 வாட் பெட்டி போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். புதிய அட்டைகளோ மைக்ரோநொடி அளவில் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கின்றன. 2022இல் வந்த, கணினி மின்வழங்கிகளுக்கான ஏ.டி.எக்ஸ். 3.0 வரையறை, உயர்திறன் பெட்டிகள் தம் வாட் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். பழைய பெட்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பெட்டியை இயக்கச் சொல்லும் பச்சைக் கம்பியையும் கறுப்பையும் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். சுமையின்றித் தொடங்குகிறது என்பதற்கு மேல் அது எதையும் நிறுவாது. மஞ்சள் கம்பியின் 12 வோல்ட்டை, அட்டை முழுமூச்சில் உழைக்கும்போது அளக்க வேண்டும்; 11.4க்குக் கீழே போகக் கூடாது. மைக்ரோநொடிச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. ஆகவே நன்றாக இயங்கும், திறன் கூடிய வேறொரு பெட்டியை மாற்றிப் பார்ப்பதே இறுதிச் சான்று. மாற்றும்போது கம்பிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழற்றக்கூடிய கம்பிகள் பெட்டிப் பக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் முனை வரிசை வேறுபடும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் வன்தட்டு அப்போதே எரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் இடுங்கள்: பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி (கெப்பாசிட்டர்), இலங்கை வழக்கில் கொள்ளளவி, சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

சில மின்வழங்கிகள் தாழிட்டுக்கொள்ளாமல், நின்று நின்று தாமே மீண்டும் முயலும். அதைக் ‘காப்புத்தாழ்’ என்பதில் அடக்க வேண்டாம். ‘மீள்முயற்சி’ என்று தனியே குறிக்கலாம்.

அடுத்துச் சாம்பல் நிறக் கம்பி இருக்கிறது. மின்னழுத்தங்கள் நிலைபெற்றபின் 100 முதல் 500 மில்லிநொடிக்குள் மின்வழங்கி அதன்வழியே தாய்ப்பலகைக்கு அறிவிக்கிறது. இந்தச் சமிக்ஞையை ‘நன்மின் குறிகை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு ‘மின்சீர்க் குறிகை’ பொருத்தமாகப் படுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?