புதுப்பிப்பு: கொலுசுக் கடைக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே

சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்து விற்கிறேன், கடன் வாங்கி ஈரோட்டிலும் கடை போடலாமா என்று போன வருஷம் கேட்டிருந்தேன். "முதலில் கையிருப்பை ரூபாயில் எண்ணாமல் கிராமில் எண்ணுங்கள்" என்று ஒருவர் சொன்னார். அவருக்கு ரொம்ப நன்றி.

எண்ணிப் பார்த்தபோதுதான் பகீரென்றது. 2025-ல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கணக்கு நோட்டில் லாபம், ஆனால் 2 கிலோவாக இருந்த வெள்ளி 1,600 கிராமாகக் குறைந்திருந்தது. பழைய விலைக்கே விற்றுக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது எவ்வளவு விற்றாலும் அன்றைக்கே அதே எடை வெள்ளியை வாங்கி வைத்துவிடுகிறேன். செய்கூலியில் மிஞ்சுவது மட்டும்தான் லாபம்.

அப்புறம் தீபாவளி ஆர்டர். ஆசைப்பட்டு அதிகம் எடுத்ததில் ஒன்பது ஜோடி திரும்பி வந்தது. எல்லாம் கொக்கிக்கு அடுத்த வளையத்திலேயே பற்றவைப்பு விட்டிருந்தது. பட்டறை அண்ணன் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவசரத்துல பத்த வெச்சா இப்படித்தான் ஆகும், கண்ணு" என்றார். தப்பு என்னுடையது, நாள் கொடுக்கவில்லை. ஒன்பதையும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தோம்.

வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் முதல் ஹெச்யூஐடி, அதாவது ஹால்மார்க் நகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடும் ஆறு இலக்க அடையாளக் குறி, வந்திருக்கிறது. வந்தபோது கட்டாயமில்லை, ஆனாலும் போட ஆரம்பித்துவிட்டேன்.

கடன் வாங்கவில்லை. ஈரோடு இப்போதைக்கு வேண்டாம். மாதம் 40 ஜோடிதான், அதற்கு மேல் கேட்பவர்களுக்கு அடுத்த மாதத் தேதி சொல்கிறேன்.