மாத்திரையை எண்ணிக் கொடுப்பதற்கு எதற்கு ஒரு ஃபைல்?

பழையதராசு:
அமெரிக்காவில் சொந்தமாக ஃபார்மசி நடத்துகிறவர்களுக்குத்தான் இந்தப் புலம்பல் புரியும். நியாஷ் (NIOSH, பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம்) வெளியிடும், கையாள்பவருக்கே தீங்கு செய்யக்கூடிய அபாய மருந்துகளின் பட்டியலில் எதெல்லாம் நம் ஷெல்ஃபில் இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதி வைக்க வேண்டுமாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்துப் பதிய வேண்டுமாம். அமெரிக்க மருந்துத் தர நூலான யுஎஸ்பியின் 800-ஆம் அத்தியாயம் சொல்கிறது. நான் ஊசி மருந்து கலப்பதில்லை, பொடி இடிப்பதில்லை. பாட்டிலைத் திறக்கிறேன், எண்ணுகிறேன், மூடுகிறேன். டெம்ப்ளேட் ஒன்றை இறக்கி, கடைப் பெயரை மாற்றி ஃபைலில் போட்டாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கையுறை:
தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் சார். அந்த அத்தியாயத்தின்படி பட்டியல் மருந்து எல்லாவற்றுக்கும் முழுக் கட்டுப்பாடும் உண்டு. எண்ணிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதற்கு மாற்று வழியை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்பது சலுகை. அந்தச் சலுகைச் சீட்டைத்தான் நீங்கள் சுமை என்கிறீர்கள்.

பழையதராசு:
சட்டம் பேசுவதென்றால் முழுசாகப் பேசுவோம். யுஎஸ்பியின் 795, 797 அத்தியாயங்கள் இரண்டும் திருத்தி 2023 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 800 கட்டாயமானது அவை வழியாகத்தான். இரண்டுமே மருந்து கலக்கிறவர்களுக்கானவை. கலக்காத கடைக்கு யுஎஸ்பி அளவில் அது வெறும் அறிவுரை.

கையுறை:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாநில ஃபார்மசி போர்டு அதைவிடக் கடுமையாக விதி வைக்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போர்டு என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா?

மாத்திரைத்தட்டு:
விதியை விடுங்கள். நான் டெக்னீஷியன், எண்ணுகிற கை என்னுடையது. முன்பு வேலை பார்த்த கடையிலும் இதே மாதிரி இறக்கிய டெம்ப்ளேட்தான். 'மெத்தோட்ரெக்சேட்டுக்குத் தனித் தட்டு' என்று அதில் அழகாக எழுதியிருக்கும், அது ஒரு புற்றுநோய் மருந்து. கடையில் இருந்ததோ ஒரே தட்டு. 'புற்றுநோய் மருந்தை எண்ணும் மெஷினில் போடக் கூடாது' என்றும் இருக்கும். மெஷினைச் சுத்தம் செய்யப் போன அன்றைக்குத்தான் பார்த்தேன், மெத்தோட்ரெக்சேட் ஒரு கேசட்டில் (மெஷினில் மாத்திரை நிரப்பும் பெட்டி) இருக்கிறது, அடியில் மஞ்சளாகத் தூள். எத்தனை மாதம் அதைத் தொட்டிருப்பேனோ. செய்யாத வேலையைச் செய்வதாக எழுதி வைப்பதைவிட எழுதாமலே இருந்திருக்கலாம்.

பழையதராசு:
பார்த்தாயா தம்பி, நான் சொன்னதும் அதுதான். எழுத்தால் ஒன்றும் ஆகாது.

மாத்திரைத்தட்டு:
தம்பி இல்லை சார், தங்கை. நான் சொன்னது அதுவும் இல்லை.

கையுறை:
மருந்தின் வகை, எந்த வடிவம், எப்படிப் பேக் ஆகி வருகிறது, நாம் அதை என்ன செய்கிறோம், உடம்பில் படும் வாய்ப்பு எவ்வளவு. குறைந்தபட்சம் இவ்வளவும் எழுத வேண்டும். இதை டெம்ப்ளேட்டால் சொல்ல முடியாது, உங்கள் கவுண்டர்தான் சொல்லும். ஃபினாஸ்டிரைடையும் டுடாஸ்டிரைடையும் எடுங்கள், ஏறக்குறைய ஒரே குடும்பம், இரண்டும் புராஸ்டேட் வீக்கத்துக்குத் தருபவை. ஃபினாஸ்டிரைடுக்கு மேல்பூச்சு உண்டு, உடையாத வரை கைக்குப் பாதகமில்லை. டுடாஸ்டிரைட் கேப்ஸ்யூல் கசிந்தால் மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். ஆக, ஒன்றுக்கு 'உடைந்திருந்தால்' என்று எழுதுவீர்கள், இன்னொன்றுக்குப் 'பாட்டில் பிசுபிசுத்தால்' என்று. மெத்தோட்ரெக்சேட்டைப் பாதியாக உடைத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால்? அது எண்ணுவதல்ல, சலுகை அங்கேயே முடிந்துவிடுகிறது. கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் 'முடியாது' என்று சொல்லும் தைரியம் அந்தத் தாளிலிருந்துதான் வரும்.

தட்டைத் துடைப்பதும் அப்படித்தான். 70 சதவீத ஆல்கஹால் மருந்தைச் செயலிழக்கச் செய்யாது, இடம் மாற்றிப் பூசும், அவ்வளவே.

பழையதராசு:
அந்தக் கையெழுத்து? பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களிடம் 'அபாயம் புரிந்தது' என்று எழுதி வாங்கச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எப்படிக் கேட்பேன்?

மாத்திரைத்தட்டு:
ஆண்களுக்கும் அதே கையெழுத்துதான் சார். கர்ப்பமா என்று யாரும் கேட்கச் சொல்லவில்லை. எனக்கு முதல் நாளே நீட்டியிருந்தால் அந்தக் கேசட்டை அன்றைக்கே திறந்து பார்த்திருப்பேன்.

கையுறை:
ஒரு சந்தேகம். உங்கள் டெம்ப்ளேட்டில் மருந்துகள் எத்தனை அட்டவணையாகப் பிரிந்திருக்கின்றன?

பழையதராசு:
மூன்று.

கையுறை:
அப்படியானால் அது 2016 பட்டியலை ஒட்டியது. 2024 டிசம்பரில் நியாஷ் புதுப் பட்டியல் போட்டுவிட்டது, அதில் இரண்டே அட்டவணை. வருடா வருடம் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?

பழையதராசு:
800 என் கடைக்குக் கட்டாயமில்லை என்பதிலிருந்து நான் இறங்கப் போவதில்லை. ஆனால் எழுந்துபோய் மெஷினைப் பார்த்தேன். ஒரு கேசட்டில் டமாக்சிஃபென் இருந்தது, அதுவும் புற்றுநோய் மருந்துதான். எடுத்துவிட்டேன்.

மாத்திரைத்தட்டு:
எதை வைத்துத் துடைத்தீர்கள்?

பழையதராசு:
...ஆல்கஹால்.