மொறிஸ் மைனர் 1000: பின் டிஃபரன்ஷலை எதுவரை கழற்றலாம்?

வவுனியா மைனர்:

வணக்கம். எங்களிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 948 சிசி, நாலு கதவு. அப்பாவின் கார். அவருக்குப் பார்வை குறைந்த பிறகு நான்தான் ஓட்டுகிறேன். முதலாம் கியரில் கிளச்சை விடும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு அடி விழுகிறது. ரிவர்ஸில் இன்னும் பலமாக. ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தாலும் அதே சத்தம். ஊளைச் சத்தம் எந்த வேகத்திலும் இல்லை.

ஒரு கராஜில் காட்டினேன். "டிஃபரன்ஷல் முடிந்தது, பழையது ஒன்று தேடி மாற்றுவோம்" என்றார்கள். பின் அக்சிலின் நடுவில், எஞ்சினின் சுழற்சியை இரண்டு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி அது. காசைவிட, காரோடு வந்த சாமானைக் கொடுத்துவிட்டு எங்கிருந்தோ வந்த ஒன்றைப் போடுவதுதான் மனதுக்கு ஒப்பவில்லை. நானே கழற்றிப் பார்க்க நினைக்கிறேன். பிறேக், கிளச் வேலை செய்த பழக்கம் உண்டு. ஆனால் அதற்குள் இருக்கும் கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) செட்டிங் என்றால் பயமாக இருக்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

சுன்னாகம் பாஸ்:

தம்பி, அந்த டிஃபரன்ஷலைக் கொடுத்துவிடாதீர்கள். ஊளை இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் கிரவுன் வீலும் பினியனும் பெரும்பாலும் நல்லபடிதான் இருக்கும். அவை இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை, இத்தனை வருடம் ஒன்றோடு ஒன்று ஓடிப் பழகியவை. அந்த ஜோடியைப் பிரித்தால்தான் உண்மையான தலைவலி. வேறு காரிலிருந்து வரும் பழைய டிஃபரன்ஷல் டொக் இல்லாமல் ஊளையிட்டால் என்ன செய்வீர்கள்?

முதலில் காரைக் கழற்றாமலே பாருங்கள். முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள், பின்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். கியரைப் போட்டு, புரப்பல்லர் ஷாஃப்டை (கியர்பொக்ஸிலிருந்து டிஃபரன்ஷலுக்கு வரும் நீளத் தண்டு) கையால் இரண்டு பக்கமும் திருப்புங்கள். அதன் முனையில் உள்ள மூட்டான யுனிவர்சல் ஜொயின்ட் ஆடினால் உங்கள் டொக் அங்கேயே இருக்கலாம். ஜொயின்ட் இறுக்கமாக இருந்தால் கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். இரண்டு பின் சில்லுகளையும் ஒருவர் ஆடாமல் பிடிக்க, பினியன் ஃபிளேன்ஜை (புரப்பல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டும் தட்டு) திருப்பிப் பாருங்கள். அது தாராளமாக ஆடினால் கோளாறு உள்ளேதான்.

உள்ளே எங்கே என்றால், என் கணிப்பில் துரஸ்ட் வாஷர்கள். கிரவுன் வீல் பூட்டியிருக்கும் கூட்டுக்குள் இரண்டு பெரிய கியர், இரண்டு சின்னக் கியர் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வாஷர். அது தேய்ந்தால் கியர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பல்லுக்கு நடுவே இடம் கூடுகிறது. கார் புறப்படும்போது அந்த இடம் முழுவதும் ஒரே அடியில் மூடுகிறது. இதைச் சரிசெய்யப் பினியனை அசைக்கவே தேவையில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். வாஷருக்காக எத்தனையோ நல்ல டிஃபரன்ஷல்களைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒயிலை வெள்ளைப் பாத்திரம் ஒன்றில் வடியுங்கள். செப்பு மினுக்கம் தெரிந்தால் வாஷர். இரும்புத் துண்டு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ, அப்போது கதை வேறு.

பிறேக் ட்ரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி ட்ரம்மை எடுங்கள். ஹாஃப் ஷாஃப்ட் (டிஃபரன்ஷலிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் போகும் தண்டு) ஃபிளேன்ஜில் ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை நேராக வெளியே இழுங்கள். மைனரில் காரின் பாரத்தை ஹப் பேரிங் அக்சில் குழாயின் மேலேயே தாங்குகிறது. ஆகையால் ஹப்பின் பெரிய நட்டைத் தொட வேண்டாம். இரண்டு ஷாஃப்டும் கியரிலிருந்து முழுதாக விலக வேண்டும், இல்லாவிட்டால் டிஃபரன்ஷல் வராது. புரப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளேன்ஜ் இரண்டிலும் அடையாளக் கோடு போட்ட பிறகே நாலு போல்டையும் கழற்றுங்கள்.

அப்புறம் முன்பக்கம் வட்டமாக உள்ள நட்டுகள். அவற்றை எடுத்தால் மொத்தமும் முன்னோக்கி வரும். பாரமான சாமான். கீழே படுத்துக்கொண்டு நெஞ்சில் வாங்கப் பார்க்காதீர்கள், கட்டாயம் ஜாக்கை முட்டுக்கொடுங்கள்.

மேசைக்கு வந்ததும் முதல் வேலை, பேரிங் மூடி இரண்டுக்கும் பஞ்ச் எனும் குத்தூசியால் குறி போடுவது. இடது இடதுக்கே, வலது வலதுக்கே. அவற்றை இடம் மாற்றிப் பூட்டக்கூடாது. கூட்டைத் தூக்கும்போது பேரிங் பக்கத்தில் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) ஏதும் வந்தால் தனித்தனி டப்பாவில் பக்கம் எழுதி வையுங்கள். கிரவுன் வீல் கூட்டில் இருக்கும் நிலையையும் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

சின்னக் கியர்கள் ஓடும் குறுக்கு ஷாஃப்டை ஒரு மெல்லிய பின் (ஆணி போன்றது) பிடித்திருக்கும். பலர் முரட்டுத்தனமாக அடித்துக் கெடுப்பது இந்த இடத்தில்தான். அந்தத் துளை கிரவுன் வீல் பக்கம் சற்றுச் சிறியது, அந்தப் பின் மறுபக்கமாக மட்டுமே வெளியே வரும். ஆகவே கிரவுன் வீல் பக்கத்திலிருந்து தட்டுங்கள். வெளியேறும் வாயில் உலோகத்தை நசுக்கி அடைத்திருப்பார்கள், முதலில் அதை டிரில்லால் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பின் போனதும் ஷாஃப்ட் வரும், கியர்களைச் சுழற்றி எடுக்கலாம். எந்தக் கியர் எந்தப் பக்கம் என்பதும் குறிப்பில் இருக்கட்டும்.

ஹற்றன் ட்ரவலர்:

பாஸ் அண்ணா சொன்னதோடு ஒன்று. கையில் இருக்கும்போது பற்களை எண்ணிப் பாருங்கள். 948 சிசி மைனருக்கு 9க்கு 41, அதாவது 4.55. பின்னால் வந்த 1098 சிசி காருக்கு 9க்கு 38, அதாவது 4.22. இங்கே பல கார்களில் யாரோ எப்போதோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பாதை தட்டை, 4.22 இருந்தால் ஏ9 வீதியில் எஞ்சின் அமைதியாக ஓடும். எங்கள் மலை ஏற்றங்களுக்கு நான் 4.55ஐ விட மாட்டேன். ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டின் டிஃபரன்ஷலும் இதே குடும்பம், வாஷர் தேடும்போது அந்தப் பெயரிலும் கேளுங்கள்.

வவுனியா மைனர்:

இருவருக்கும் நன்றி. கழற்றிவிட்டேன். 9க்கு 41, காரோடு வந்ததுதான் என்று நம்புகிறேன். ஒயிலில் செப்பு மினுக்கம் நிறைய. வாஷர்கள் காகிதம்போல மெலிந்திருக்கின்றன, ஒன்று விளிம்பில் உடைந்துமிருக்கிறது. கிரவுன் வீல் பல் சுத்தம். ஆனால் குறுக்கு ஷாஃப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்திருக்கிறது. கிரவுன் வீலின் முதுகில் ஏதோ எண் பொறித்திருக்கிறது, அது என்ன?

சுன்னாகம் பாஸ்:

நகம் மாட்டினால் ஷாஃப்டையும் மாற்றுங்கள். புது வாஷரைப் போட்டு, படி விழுந்த ஷாஃப்டில் கியரை ஓடவிட்டால் சத்தம் திரும்பிவரும். இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். வாஷர், ஷாஃப்ட், பின், லொக் வாஷர், காஸ்கெட் எல்லாவற்றையும் ஒரே பொதியாக வரவழையுங்கள். சின்னக் கியர்களின் துளையைப் புது ஷாஃப்டில் போட்டுப் பாருங்கள், ஆடினால் அவையும் வேண்டும்.

அந்த எண், அந்த ஜோடிக்குரிய பல் இடைவெளி. பேரிங்கும் ஷிம்மும் பழைய இடத்துக்கே போனால் இடைவெளி மாறாது. ஆனாலும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள்மானி) ஒன்றை இரவல் வாங்கி அளந்து, எண்ணோடு ஒப்பிடுங்கள். பேரிங் சொரசொரப்பாக இருந்து மாற்ற நேர்ந்தால் மட்டும் ஷிம் கணக்குத் தெரிந்தவரிடம் போங்கள். இறுக்கும் அளவுகளைக் கையேட்டைப் பார்த்து டோர்க் ஸ்பானரால் செய்யுங்கள், கை உணர்வுக்கு விட வேண்டாம். புதுப் பின்னை அடித்ததும் துளையின் வாயை மறுபடி நசுக்கி அடையுங்கள்.

ஹாஃப் ஷாஃப்டைப் பூட்டும்போது புதுக் காகிதக் காஸ்கெட்டும் ரப்பர் வளையமும் போடுங்கள். தடித்த அட்டையில் வெட்டிய காஸ்கெட் கூடாது. ஹப் பேரிங் ஹப் முகத்தைவிட மயிரிழை வெளியே நிற்கும், ஃபிளேன்ஜ் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். காஸ்கெட் தடித்தால் அந்தப் பிடி போய்விடும், ஒயிலும் பிறேக்குக்குள் வரும்.

ஒயில் ஈபி 90 ஹைப்போய்ட். ஒன்றரை பைன்ட், கிட்டத்தட்ட 0.85 லீட்டர். கார் சமதரையில் நிற்க, நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். மைனரின் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான், அதனால் இதற்கும் அதையே ஊற்றுகிறவர்கள் உண்டு. ஹைப்போய்ட் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி ஓடுபவை, எஞ்சின் ஒயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒரு கிழமை ஓட்டிவிட்டு, அடியில் படுத்துக் கசிவு பாருங்கள்.