பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பதால் என்ன பயன்?

தெம்பனிஸ் தாய்:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஏ நிலைத் தேர்வை முடித்துவிட்டாள். தொடக்கக் கல்லூரியில் அவளுக்கு மிகவும் பிடித்த பாடம் வரலாறு. அதையே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதன்மைப் பாடமாக எடுப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். கணக்கியலோ கணினியோ படித்தால்தான் வேலை நிச்சயம் என்கிறார் என் கணவர். நடந்து முடிந்தவற்றைத் தெரிந்துகொள்ள நூலகத்தில் புத்தகங்கள் இருக்க, அதற்காக நான்கு ஆண்டுகளைச் செலவிட வேண்டுமா என்ற அவருடைய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்துறையில் படித்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சுவடி:
வணக்கம் அக்கா. நான் வரலாறு படித்தவன்; இப்போது மோசடிப் புகார்களை விசாரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதே. நடந்ததாகச் சொல்லப்படுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோடக் கற்பதற்குத்தான் அந்த நான்கு ஆண்டுகள் என்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரின் அலெக்சாண்டிரா முகாமில் ஆங்கிலேயர் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டு, 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதுவரை எந்தப் புத்தகமும் சொல்லிவிடும். ஆனால் அவர்கள் ஏன் எழுந்தார்கள்? ஹாங்காங்குக்கு என்று சொல்லிவிட்டுச் சக முஸ்லிம்களான துருக்கியருக்கு எதிராகப் போரிட அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தியாலா, பதவி உயர்வு பற்றிய மனக்கசப்பாலா, ஆங்கிலேய ஆட்சியை ஆயுதப் புரட்சியால் வீழ்த்த முயன்ற கதர் (Ghadar) இயக்கத்தின் பிரசாரத்தாலா? சிப்பாய்களின் குரல் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலேயர் நடத்திய விசாரணைப் பதிவுகளில்தான். தண்டனைக்கு அஞ்சி நின்ற ஒருவர் சொன்னதை, அவரைக் குற்றவாளி என்று கருதியவர்கள் ஆங்கிலத்தில் எழுதிவைத்தது அது. அதில் எதை ஏற்பது, எதை வேறொரு சான்றோடு ஒப்பிடுவது, எந்த மௌனத்தைக் குறித்துக்கொள்வது என்று வரிவரியாகப் பார்க்கப் பழகிய பயிற்சியைத்தான் நான் இன்றும் ஒவ்வொரு புகாரிலும் பயன்படுத்துகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் படிக்கலாம். ஆங்கில நாளேடுகளை மட்டும் வைத்து எழுதப்படும் சிங்கப்பூர் வரலாற்றில் நம்மவர்களின் சீர்திருத்தச் சண்டைகளும் சங்கங்களும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் இங்கே மிகச் சிலரே. உங்கள் மகள் அந்தச் சிலரில் ஒருத்தியாகலாம்.

ஜூரோங்வாசி:
சுவடி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் வருமானக் கவலையை எளிதாகக் கடந்துவிட முடியாது. சட்டமோ மருத்துவமோ போல வரலாற்றுப் பட்டத்துக்கென்று நேரடியான தொழில் கிடையாது. முதல் வேலை கிடைக்கச் சற்றுக் காலம் ஆகலாம். பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு, சம்பள நிலவரத்தைப் பாடவாரியாகக் காட்டும் ஆய்வு முடிவுகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. முடிவெடுக்கும் முன்பு மூவரும் சேர்ந்து அவற்றைப் பாருங்கள். 2021 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தில் கலைத்துறையும் அறிவியல் துறையும் ஒரே கல்லூரியின் கீழ் இயங்குவதால், வரலாற்றோடு பொருளியலையோ புள்ளியியலையோ இரண்டாவது முதன்மைப் பாடமாகச் சேர்த்துப் படிக்கவும் வழி உண்டு. என் மகளாக இருந்தால் இந்த வழியைத்தான் சொல்வேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, மேலே இருவரும் சொன்னவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மகளின் விருப்பம் எவ்வளவு ஆழமானது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழ்ப் பேட்டிகளும் அவற்றில் உண்டு. ஜப்பானியர் காலத்தைப் பற்றிய ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். கதை நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னால் பொழுதுபோக்காகவே வரலாற்றைப் படிக்கட்டும். இவர் இதை எப்படி அறிந்தார், பேட்டி எடுத்தவர் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று அவளாகவே துருவத் தொடங்கினால், தடுக்காமல் விண்ணப்பிக்க விடுங்கள்.