ஃபிளானன் தீவுக் கலங்கரை விளக்கம்: மெய்யும் புனைவும்

கேள்வி:
ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், எய்லியன் மோர் என்னும் சிறு தீவில் நிற்கும் ஃபிளானன் கலங்கரை விளக்கம் எப்போது கட்டப்பட்டது? 1900 டிசம்பரில் அதன் காவலர் மூவரும் மறைந்தபோது, மேசையில் பாதி உண்ட உணவு கிடந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள், அது மெய்தானா?

முதல் மறுமொழி:
டேவிட் ஆலன் ஸ்டீவன்சன் வடிவமைத்த, 23 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தின் பணி 1895இல் தொடங்கியது. கட்டுமானப் பொருள்கள் அனைத்தையும் கொந்தளிக்கும் கடலிலிருந்து இறக்கிச் செங்குத்தான பாறைச் சரிவின் மேலே ஏற்ற வேண்டியிருந்ததால், விளக்கு 1899 டிசம்பரில்தான் முதன்முதலாக ஏற்றப்பட்டது.

இரண்டாம் மறுமொழி:
உணவுக் கதை மெய்யன்று. பின்னாளில் எழுதப்பட்ட ஒரு கவிதை அதைப் பரப்பியது. டிசம்பர் 26 அன்று ஹெஸ்பரஸ் கப்பலில் வந்திறங்கிய மாற்றுக் காவலர், சமையலறை ஒழுங்காக இருப்பதையும் விளக்கு எண்ணெய் நிரப்பி ஆயத்தமாக இருப்பதையுமே கண்டார். விசாரணை நடத்திய கண்காணிப்பாளர் ராபர்ட் மியூர்ஹெட், மேற்கு இறங்குதுறையில் கடல்மட்டத்திற்குச் சுமார் 33 மீட்டர் மேலே இருந்த பெட்டி உடைந்து, அதிலிருந்த கயிறுகள் சிதறியிருந்ததைப் பார்வையிட்டு, பேரலை ஒன்று மூவரையும் வாரிச் சென்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அம்முடிவே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்:
விரிவான விளக்கத்திற்கு நன்றி ஐயா. காவலர்கள் அழுததாகவும் தொழுததாகவும் கூறும் நாட்குறிப்பு வரிகள்?

இரண்டாம் மறுமொழி அளித்தவர்:
அவையும் பிற்காலப் புனைவுகளே. காவலர்கள் கற்பலகையில் எழுதிய உண்மையான குறிப்புகள் டிசம்பர் 15 காலை 9 மணியோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் அச்சத்தின் சாயல் எதுவுமில்லை. கடமையை முறையாகச் செய்து முடித்த மனிதர்களை அஞ்சி நடுங்கியவர்களாகச் சித்திரிப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். 1971இல் விளக்கு தானியங்கியாக மாற்றப்பட்ட பின் அங்கே காவலர் எவரும் தங்குவதில்லை.