விளக்கேந்திய பெண்ணின் முகத்தில் தெரிவது நம்பிக்கையா, கவலையா?

கேள்வி (கிருஷ்ணகிரி வாசகர்):
வணக்கம். சென்ற மாதம் குடும்பத்துடன் மைசூரு ஜகன்மோகன் அரண்மனை ஓவியக்கூடத்திற்குச் சென்றிருந்தோம். ஒரு கையில் விளக்கை ஏந்தி, மறு கையால் அதை மறைத்தபடி நிற்கும் பெண்ணின் ஓவியத்தை, எங்கள் வீட்டு நாட்காட்டியில் ரவி வர்மா வரைந்ததாகவே பார்த்து வளர்ந்தவன் நான். 'நம்பிக்கையின் ஒளி' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு இருந்தாலும், நேரில் பார்த்தபோது யாருக்காகவோ காத்திருக்கும் கவலையே எனக்குப் பட்டது. அந்த உணர்வு எதனால் வருகிறது? எண்ணெய் வண்ணத்தில் இந்த ஒளியை எப்படிக் கொண்டுவந்தார்கள்?

பதில் (தருமபுரி):
ரவி வர்மா 1906-இல் மறைந்துவிட்டார். இந்த ஓவியமோ 1945-46-இல் எஸ்.எல். ஹல்தங்கர் தம் மகள் கீதாவை நிற்கவைத்து வரைந்தது. பெயரை மாற்றியது நாட்காட்டிக்காரர்களின் கைங்கரியம். மேலும், இது எண்ணெய் வண்ணம் அன்று, நீர்வண்ணம்.

பதில் (பாலக்கோடு, ஓவிய ஆசிரியர்):
வியப்பே அந்த நீர்வண்ணத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் இருளை முதலில் பூசிவிட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் அதன்மேல் ஏற்றலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது காகிதத்தின் வெண்மைதான் என்பதால், அதை முதலிலிருந்தே காப்பாற்றிக்கொண்டு, சுற்றிலும் இருளை மெல்லிய பூச்சுகளாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கை தவறினால் மீட்பது மிகக் கடினம். விரல்களைக் கவனியுங்கள். இருட்டில் கைபேசி விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரலோரங்கள் சிவந்து கசியுமே, அதே சிவப்பு அங்கே இருக்கிறது; என் மாணவர்களை முதலில் அதைச் செய்து பார்க்கச் சொல்வேன். கீழிருந்து விழும் ஒளி பொதுவாக முகத்தை அச்சமூட்டுவதாக்கும். இவரோ கன்னத்து நிழலின் ஓரங்களை நீரில் கரையவிட்டு, அதைச் சாந்தமாக்கியிருக்கிறார். எனவே எனக்குக் கவலை தெரியவில்லை.

பதில் (காவேரிப்பட்டணம்):
ஐயா சொல்லும் சாந்தத்தையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கார்த்திகையன்று உள்ளே ஏற்றிய அகலைக் காற்றுக்கு அணையாமல் திண்ணைக்குக் கொண்டுவரும்போது எங்கள் அம்மாவின் முகமும் இப்படித்தான் இருக்கும். அப்போது அவருக்கு நம்பிக்கையும் இல்லை, கவலையும் இல்லை. கவனமெல்லாம் சுடரிலேயே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இப்போது நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். விரல்கள் முழுவதும் ஒரே மஞ்சளாக அச்சாகியிருக்கின்றன. அந்தச் சிவப்பு இதில் இல்லவே இல்லை.